அடுத்த வீட்டு உலை

முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு, தேங்காய்மேல் மஞ்சள் கயிற்றோடு தாலியை வைத்து, ஒரு தாம்பாளத்தில் வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பிடி அட்சதை எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தாம்பாளம் இரண்டு வரிசை தள்ளி வரும்போதே என் பெரியம்மா எழுந்துவிடுவார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவரைப் போல நடந்து தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வார். தட்டு கடந்ததும் வந்து உட்காருவார். பெரியப்பா இறந்தபோது அவருக்கு முப்பத்தோரு வயது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, "ஏன் பெரியம்மா எந்திரிச்சுப் போறீங்க?" என்று கேட்டேன். "சாஸ்திரம் அப்படிய்யா" என்றார். எந்தச் சாஸ்திரம் என்று அவருக்குத் தெரியாது. தாம்பாளம் ஏந்தி வந்த மாமாவுக்கும் தெரியாது.

ஐம்பது ஆண்டு கழித்து அதே சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டேன். 2023 ஏப்ரல் மாதம். தன்பால் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன்னால் நடந்துகொண்டிருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத அண்ணன், "எந்தச் சாஸ்திரத்துலடா இதுக்கெல்லாம் இடமிருக்கு?" என்றார். அவர் அந்தப் பெரியம்மாவின் மூத்த மகன். நான் பதில் சொல்லவில்லை. தூண்தான் கண்முன் வந்து நின்றது.

மதம் தடுக்கிறது என்று சொல்கிற எல்லாரும் வேஷம் போடுகிறார்கள் என்பது என் கட்சி இல்லை. மனதார நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். ஆனால் நம்பிக்கையும் அருவருப்பும் ஒரே வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது எது எது என்று பிரித்துப் பார்க்கிற வேலையை நாம் செய்வதில்லை. பெரும்பாலும் குமட்டல் முதலில் வருகிறது. அதற்கான வேத வாக்கியம் பிறகுதான் தேடப்படுகிறது. சில சமயம் தேடப்படுவதுகூட இல்லை. இருக்கும் என்ற நினைப்பே போதுமானதாக இருக்கிறது.

இதை நீதிமன்றப் படியிலேயே பார்க்கலாம். 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், வயதுக்கு வந்தவர்கள் மனம் ஒப்பித் தனிமையில் கூடுவதைத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கீழ் குற்றமாக்க முடியாது என்றது. உடனே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியவர்களில் ஒருவர் சோதிடர். அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் வந்தது. அப்போஸ்தலிக் திருச்சபைகளின் கூட்டமைப்பு வந்தது. மனுவின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய ஓர் இந்துக் கட்சியும் வந்தது. கடவுள் ஒருவரா பலரா, மறுபிறவி உண்டா இல்லையா, மாடு தெய்வமா உணவா, எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். இதை மதங்களுக்கிடையேயான நல்லிணக்கம் என்று பாராட்டியவர்கள்கூட உண்டு. எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. வேதங்கள் வேறுவேறாக இருந்தும் விலக்கு ஒன்றாகவே இருக்கிறது என்றால், அந்த விலக்கின் வேர் வேதத்தில்தான் இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் இவர்கள் எல்லாரும் சேர்ந்து காப்பாற்ற வந்தது மெக்காலே வரைந்த மாதிரியிலிருந்து பிறந்து, 1860இல் வெள்ளைக்காரன் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவை. 2013 டிசம்பரில் அவர்கள் வென்றார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமே அதைத் திருத்தியது.

சாஸ்திரத்தையே எடுத்துப் பார்ப்போம். மனுஸ்மிருதி ஓரிடத்தில் ஆணோடு ஆண் கூடுவதைச் சாதி இழக்கச் செய்யும் செயல்களில் சேர்க்கிறது. இன்னோரிடத்தில் அதற்கு உடுத்த துணியோடு ஒரு குளியல் போதும் என்கிறது. காளை பூட்டிய வண்டியிலோ தண்ணீரிலோ பகல் நேரத்திலோ பெண்ணோடு கூடினாலும் அதே குளியல்தான். கன்னிப்பெண்ணோடு இன்னொரு பெண் என்றால் மொட்டையடிப்பது அல்லது விரலை வெட்டுவது என்று தண்டனை கடுமையாகிறது. பெண் என்றதும் கத்தியை எடுப்பது அந்த நூலின் வழக்கம். இந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பகல் நேரச் சமாச்சாரத்தையும் தடை செய்ய வேண்டும் என்று கோரி இதுவரை யாரும் மனு போட்டதாகத் தெரியவில்லை.

அதே மரபுக்குள் வேறு குரலும் இருக்கிறது. கணித மேதை சகுந்தலா தேவி 1977இல் தன்பாலீர்ப்பு குறித்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதற்காக ஸ்ரீரங்கம் கோயிலைச் சேர்ந்த, சமஸ்கிருதம் கற்ற ஸ்ரீநிவாச ராகவாச்சாரியாரிடம் போய்க் கேட்டார். அவர் முகம் சுளிக்கவில்லை. போன பிறவியில் ஆணும் பெண்ணுமாக நேசித்தவர்கள் இவர்கள். உடல் மாறியிருக்கிறது, ஆன்மாவின் பற்று மாறவில்லை என்று விளக்கம் தந்தார். பூலோக வைகுண்டத்தில் பூஜை செய்கிறவருக்குத் தன் வேதாந்தத்திலிருந்தே அந்தப் பதில் கிடைத்தது. 2023 ஜனவரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் ஜராசந்தனின் தளபதிகள் ஹம்சன், டிம்பகன் கதையைச் சொல்லி, இப்படிப்பட்டவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள் என்றார். இரண்டே மாதத்தில் அதே அமைப்பின் பொதுச் செயலாளர், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சம்ஸ்காரம் என்று கதவைச் சாத்தினார். ஆக, நூலில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் பிரிப்பது என்பதைப் பிரிக்கிறவன் மனம்தான் தீர்மானிக்கிறது.

மற்ற மதங்களும் இதற்கு விலக்கல்ல. சுவிசேஷங்களில் இயேசு விவாகரத்தைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் கண்டிக்கிறார். ஆணோடு ஆண் சேர்வது பற்றி அங்கே அவர் ஒரு சொல்லும் பேசியதாக இல்லை; பவுலின் நிருபங்களுக்குப் போனால்தான் அது வருகிறது. விவாகரத்துச் சட்டத்தை ரத்து செய்யக் கோரித் திருச்சபைகள் தெருவில் இறங்கியதை இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை. குர்ஆன் வட்டியை வெளிப்படையாக விலக்குகிறது. வட்டி வாங்குகிற வங்கிகளை மூடச் சொல்லி எந்த வாரியமும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடவில்லை. நம் பக்கத்தில் வரதட்சணை வாங்கிய கையால்தான் சாஸ்திரப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறோம்.

சஷ்டி விரதம் இருக்கிறவர் தன் வயிற்றைக் காயப்போடுகிறார். ரமலான் நோன்பிருப்பவர் தன் நாவை அடக்குகிறார். தவக்காலத்தில் இறைச்சியை விடுபவர் தன் தட்டிலிருந்துதான் விடுகிறார். இவர்கள் யாரும் அடுத்த வீட்டுக்குள் புகுந்து அங்கே கொதிக்கிற உலையில் தண்ணீர் ஊற்றுவதில்லை. தன்மேல் விதித்துக்கொண்டு, அதன் சிரமத்தைத் தானே அனுபவிக்கும் விலக்குக்கு நான் தலை வணங்குகிறேன். தன்பாலீர்ப்பு உள்ளவர்களில்கூட, தம் மதத்துக்காகத் துணையில்லாமலே வாழ்ந்துவிட முடிவு செய்தவர்கள் உண்டு. அந்த முடிவு அவர்களுடையது. தனக்கு ஒரு காசு செலவில்லாமல், ஒரு வேளைப் பசியில்லாமல், பிறர்மேல் மட்டும் சுமத்தப்படுகிற விலக்கை நான் பக்தி என்று அழைக்க மாட்டேன்.

2023 வழக்கில் கேட்கப்பட்டதும் உலை வைக்க ஒரு மூலைதான். கோயிலில் தாலி கட்ட வேண்டும் என்றோ தேவாலயத்தில் மோதிரம் மாற்ற வேண்டும் என்றோ கேட்கவில்லை. மதங்களின் தனிநபர் சட்டங்களைத் தொடமாட்டோம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பேச்சு முழுக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைச் சுற்றியே இருந்தது. அந்தச் சட்டத்தில் சாமிக்கு வேலையே கிடையாது. பதிவு அலுவலர், மூன்று சாட்சி, முப்பது நாள் நோட்டீஸ். கடவுளே வராத அறைக்குள் எதிர்த்தவர்கள் கடவுளின் பெயரால் தடை கேட்டார்கள். மத்திய அரசு தன் பங்குக்கு, இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்றது. அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்பதில் ஐவரும் ஒத்துப்போனார்கள். தன்பால் இணைகளின் சேர்வாழ்வுக்குச் சட்ட ஏற்பு தரலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று வாசல் அடைபட்டது. மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

கடவுளை இப்படிக் கல்யாணப் பதிவேட்டுக்குக் காவல் போடுவது புதிதல்ல. அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் வெள்ளைக்காரரான ரிச்சர்ட் லவிங்கும் கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெடும் மணந்துகொண்டதற்கு, 1959இல் ஓராண்டுச் சிறை விதித்தார் நீதிபதி லியோன் பசீல். இருபத்தைந்து ஆண்டு மாநிலத்தை விட்டுப் போனால் தண்டனை நிறுத்தி வைக்கப்படும். பின்னர் அந்தத் தண்டனையை நீக்க மறுத்தபோது அவர் சொன்ன காரணம்: எல்லாம் வல்ல கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான். 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்ற கிறிஸ்தவக் கல்வி நிறுவனம், இனம் கடந்து பழகுவதற்கு மாணவர்களுக்கு விதித்திருந்த தடையை விவிலியத்தின் பெயரால் 2000ஆம் ஆண்டு வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 2008இல் மன்னிப்புக் கேட்டது. விவிலியம் அதே விவிலியம்தான். ஒரு வரிகூட மாறவில்லை.

அதே 1967இல்தான் நம் சட்டமன்றத்திலும் ஒரு கல்யாணச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்கதையை இளைய தலைமுறை மறந்துவிட்டது. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், சொத்துத் தகராறில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. புரோகிதர் இல்லை, ஹோமம் இல்லை, ஏழடி எடுத்துவைக்கவில்லை, ஆகவே அது செல்லாது என்று 1953இல் தீர்ப்பாயிற்று. ஊரறிய மணந்து பல காலம் குடும்பம் நடத்திய பெண் ஒரே தாளில் மனைவி இல்லாமல் போனார். அண்ணா முதல்வரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார். உற்றார் நண்பர் முன்னால், இருவருக்கும் புரிந்த மொழியில், உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னாலே போதும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. முன்பு நடந்த திருமணங்களுக்கும் அது செல்லும் என்றது சட்டம். அதை எதிர்த்தவர்கள் சொன்னதும் சாஸ்திரத்தில் இல்லை என்பதுதான். அந்தக் கல்யாணங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தன்பால் திருமணம் என்றதும் அதே வாக்கியத்தை எடுத்து வீசுவதைக் கேட்கிறபோது, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் தப்பெண்ணத்தைப் பற்றி எழுதிய நூலில், மதம் தப்பெண்ணத்தை உண்டாக்கவும் செய்கிறது, அழிக்கவும் செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரே தேவாலயத்துக்குப் போய்வந்தவர். பிறகு 1967இல், மறுபடி அதே ஆண்டு, மைக்கேல் ராஸ் என்பவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார். ஊர் மெச்சவும் உறவு வளர்க்கவும் தேவாலயத்துக்குப் போகிறவர்களிடம் இனவெறுப்பு கூடுதலாகவும், மதத்தை உள்ளூர வாழ்கிறவர்களிடம் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் கிரிகரி ஹெரெக் 1987இல் அதே அளவுகோலைத் தன்பாலீர்ப்பாளர்கள் விஷயத்தில் வைத்துப் பார்த்தபோது ஆறுதல் கலைந்துவிட்டது. உள்ளூர வாழும் பக்தர்கள் இனவெறுப்பை விட்டிருந்தார்கள். இந்த வெறுப்பை விடவில்லை. பீடத்திலிருந்து எந்த வெறுப்பைப் பாவம் என்று சொன்னார்களோ அதை மட்டும் விட்டிருந்தார்கள். இதில் பழி பக்தனைவிடப் போதகர்மேல் கூடுதலாக விழுகிறது. மடாதிபதி, மௌலவி, பாதிரியார் ஒரு வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ வாய் திறந்தால் மாறக்கூடிய மனங்கள் கீழே ஆயிரம் உட்கார்ந்திருக்கின்றன.

ஊரைச் சொல்லிக்கொண்டே போகிறேன், என்னைச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுக்கு முன்பு நாங்கள் இருந்த அடுக்ககத்தில் இரண்டாவது மாடிக்கு இரண்டு பெண்கள் வாடகைக்கு வந்தார்கள். முப்பதைத் தாண்டிய வயது. ஒருவர் பள்ளி ஆசிரியை, இன்னொருவர் ஏதோ கணக்கர் வேலை. அக்கா தங்கை என்று முதலில் நினைத்தோம். இல்லை என்று தெரிந்ததும் அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். குழந்தைகள் இருக்கிற இடம், கோயில் இருக்கிற தெரு என்றார் செயலாளர். காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் தயாரானது. பதினோராவது கையெழுத்து என்னுடையது. அந்தப் பெண்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. பேனா கைக்கு வந்தது, போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் குட்டியானை வண்டி வந்து நின்றது. கட்டில், இரண்டு பிரம்பு நாற்காலி, கேஸ் அடுப்பு, கறிவேப்பிலைத் தொட்டி. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஆசிரியை மறுபடி மேலே போய் ஒரு படத்தை நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார். பழைய துண்டில் சுற்றியிருந்தது. படியிறங்கும்போது துண்டு விலகியது. திருச்செந்தூர் முருகன். அதை வண்டியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். தெருமுனைக் கோயிலில் இருப்பதும் அதே முருகன்தான். அவர் எங்கள் பக்கம் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

கையெழுத்துப் போடும் முன் நான் செய்யத் தவறியதை ஒரு நீதிபதி செய்தார். 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம் பெண்கள், பெற்றோரிடமிருந்தும் போலீஸிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை, தன்னிடமும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று உத்தரவிலேயே எழுதினார். ஓர் உளவியலாளரிடம் மாணவனைப் போல உட்கார்ந்து கேட்டார். தீர்ப்பின் சொற்கள் தலையிலிருந்து அல்ல, மனதிலிருந்து வரவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், ஈர்ப்பை மருந்தாலும் வைத்தியத்தாலும் மாற்றுவதாகச் சொல்லும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். ஒரு நீதிபதி தன் அறியாமையை அரசு முத்திரையிட்ட தாளில் ஒப்புக்கொண்டதை நான் வேறெங்கும் படித்ததில்லை. இவர்களைக் குறிக்க வசைச்சொல் அல்லாத சொற்கள் நம் மொழியில் வேண்டும் என்று அந்த வழக்கில்தான் பேச்செழுந்தது. அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது.

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவர் வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய துணைவியான இன்னொரு பெண் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்தப் பெண் நீதிபதிகள் முன்னால் வந்து, வீட்டில் தன்னை அடித்ததையும், 'சரியாக்குவதற்காக' ஏதேதோ சடங்குகள் செய்ததையும் சொன்னார். பிள்ளையை அடித்த கை அடுத்த நிமிஷம் விபூதியைப் பூசியிருக்கும். அந்த வீட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. இப்படிச் செய்தவர்களைக் கொடியவர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பயந்துபோன பெற்றோர் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்கிறார்கள். எட்டுகிற தூரத்தில் நாம் வைத்திருப்பது சடங்கும் ஊர்ப்பேச்சும்தான். தீர்ப்பெழுதிய ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் இருவரும் அந்தப் பெண்ணின் தாயை லீலா சேத்தோடு ஒப்பிட்டார்கள். உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு இந்தியாவில் தலைமை நீதிபதியான முதல் பெண் அவர். தன் மகன் விக்ரம் சேத்துக்காக 2014இல் வெளிப்படையாக எழுதியவர். எல்லாத் தாயாலும் அவராகிவிட முடியாது என்பதையும் நீதிபதிகள் உணர்ந்தே எழுதினார்கள். திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை என்று சொல்லி அந்தப் பெண்ணை அவர் விரும்பிய இடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஜி.ஆர். சுவாமிநாதன் தன் இறைநம்பிக்கையை மறைத்துவைக்கிறவர் அல்ல. அவரோடு பல விஷயங்களில் எனக்கு மாறுபாடு உண்டு. இங்கே அந்த நம்பிக்கை யாருடைய கழுத்தையும் நெரிக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த வாரம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் மகள் கல்யாணம் 2011இல் நடந்தது. அன்று தாலித் தாம்பாளத்தை அவரே வாங்கிக்கொண்டு நேராக முன்வரிசைக்கு வந்தார். எழுந்திருக்கப்போன பெரியம்மாவின் தோளை அழுத்தி உட்காரவைத்து, "முதல்ல நீ தொடும்மா" என்றார். பெரியம்மாவின் விரல் தேங்காயில் பட்டு நடுங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சம்பந்தி வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணன் காதில் வாங்கவில்லை.

"அன்னிக்கு எந்தச் சாஸ்திரத்தப் பாத்தீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"அது எங்கம்மாடா" என்றார்.

அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் மனம் மாறிவிட்டதென்று சொல்லமாட்டேன். அதன்பிறகு என்னிடம் சாஸ்திரம் என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 2024இல் சில கடிதங்கள் போயின. தன்பால் இணைகள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போட்டுக்கொள்ளவும் தடையில்லை. குடும்ப அட்டை விஷயத்தில் அவர்களை ஒரே வீட்டுக்காரர்களாகக் கொள்ளலாம். ஆகஸ்ட் மாதம் சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது: இணையில் ஒருவர் இறந்தால் மற்றவர் உடலைப் பெற்றுக்கொள்ள வழிசெய்ய வேண்டும், நெருங்கிய உறவினர் யாரும் இல்லாத பட்சத்தில்.